நிறையில் கரைந்த மூன்று பேர்

நிரலாக்கம் கற்றுக்கொடுக்கும் இடங்களில் ஒரு கருத்து யாரும் தட்டிக்கேட்காமல் உலவுகிறது. தேடுவதும் வரிசைப்படுத்துவதும்தான் மூளைக்கு வேலை, எண்ணுவது அதன் பின்னால் வரும் ஒற்றை வரி என்பது அந்தக் கருத்து. பெயர்களையெல்லாம் வரிசைப்படுத்திய ஒரு தொடைக்குள், அதாவது செட்டுக்குள், போடு, எத்தனை மூலகம் என்று கேள், விடை வந்துவிடும். கணினி எண்ணினால் பிழைக்காது. பதுளையிலும் பண்டாரவளையிலும் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கிற பிள்ளைகளில் பலர் இந்த நம்பிக்கையோடுதான் வெளியே வருகிறார்கள். சம்பளக் கணக்குக்கு மென்பொருள் விற்க வருபவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் கழுத்துப்பட்டியோடு. இரு சாராரும் சொல்வது தவறு. எங்கோ ஒரு ஆய்வுகூடத்துக்குப் போய் அதை நிரூபிக்க வேண்டியதில்லை. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுக்கும் மடுவமே போதும்.

அந்தக் கருத்தில் உண்மையுள்ள பங்கை முதலில் கொடுத்துவிடுகிறேன். முழுத் தொடையில் எத்தனை மூலகம் என்று கேட்டால் பெரும்பாலான நிரல் நூலகங்கள் அப்போது உட்கார்ந்து எண்ணுவதில்லை. மூலகம் சேரும்போது ஒன்றைக் கூட்டியும் நீங்கும்போது ஒன்றைக் கழித்தும் ஒரு மூலையில் குறித்து வைத்திருக்கின்றன. சீ பிளஸ் பிளஸ் மொழியின் செட், ஜாவாவின் ட்ரீசெட், ரெடிஸ் தரவுக் களஞ்சியத்தின் வரிசைத் தொடை எல்லாமே இப்படித்தான். பத்து மூலகமானாலும் பத்து இலட்சமானாலும் விடைக்கு ஒரே நேரம்தான். இதில் சண்டைக்கு ஒன்றுமில்லை. (ஆனால் ஜாவாவிலேயே கன்கரன்ட் ஸ்கிப்லிஸ்ட் செட் என்று ஒன்று உண்டு. பல வேலைகள் ஒரே நேரத்தில் கைவைப்பதற்காகச் செய்தது. அளவைக் கேட்டால் அது முதலிலிருந்து கடைசிவரை நடந்துதான் எண்ணும். நடந்துகொண்டிருக்கும்போது யாராவது கூட்டிக் குறைத்தால் விடை சரியாக இராது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. ஒற்றை வரிக்காரர்கள் கையேடு வாசிப்பதில்லை.)

இனி மடுவத்துக்கு வருவோம். அந்தி நிறுவை. ஏழு பெண்கள் கொழுந்தோடு நிற்கிறார்கள். நிறை 18, 22, 18, 16, 22, 18, 25 கிலோ. கணக்கப்பிள்ளை கையால் எழுதினால் ஏழு பேருக்கு எதிரே ஏழு எண் விழும். இப்போது அந்த வேலையை ஒரு நிரலிடம் கொடுப்போம். யார் கூடப் பறித்தார், யார் குறையப் பறித்தார் என்பது ஒழுங்காக வரவேண்டும் என்று நிரலெழுதுபவர் ஜாவாவின் ட்ரீசெட்டை எடுக்கிறார். எதைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்று அதற்குச் சொல்ல வேண்டும். கிலோவைக் கொண்டு ஒப்பிடு என்று ஒரு விதி எழுதுகிறார். ஏழு பேரையும் உள்ளே போட்டுவிட்டு எத்தனை பேர் என்று கேட்கிறார்.

விடை நான்கு.

நிரல் முறியவில்லை. பிழைச் செய்தி எதுவும் திரையில் வரவில்லை. 18 கிலோ பறித்த மூவரில் இருவரும், 22 கிலோ பறித்த இருவரில் ஒருவரும் உள்ளே போகவே இல்லை, அவ்வளவுதான். இரண்டு மூலகங்களை ஒப்பிட்டு வித்தியாசம் பூச்சியம் என்று வந்தால் அந்தத் தொடைக்கு இரண்டும் ஒன்றே. பெயர் வேறு, குடியிருக்கும் லயம் வேறு, வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் வேறு என்பதெல்லாம் விதியில் எழுதப்படவில்லை. எழுதப்படாதது அதற்கு இல்லாதது. சீ பிளஸ் பிளஸ்சின் செட்டுக்கும் இதே குணம்தான். இது அதைவிடச் சிறியதில்லை, அது இதைவிடச் சிறியதில்லை, ஆகவே இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டும்.

ரெடிஸ் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அங்கே ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒரு பெயரும் ஒரு புள்ளியும் உண்டு. ஆளை அடையாளம் காண்பது பெயரால், வரிசை புள்ளியால். புள்ளி சமனானால் பெயர்களை ஒப்பிட்டு முன்பின் வைத்துக்கொள்ளும். அதே ஏழு பேரை அதற்குள் போட்டால் ஏழு என்றே சொல்லும். ஆனால் அந்த ஏழு பேரில் இரண்டு மாரியாயி இருந்தால்? இரண்டாவது மாரியாயியின் கிலோ முதல் மாரியாயியின் கிலோவை அழித்துக்கொண்டு உட்காரும். விடை ஆறு. ஒரே மடுவம், ஒரே அந்தி, ஒரே ஏழு பெண்கள். ஒரு விதிக்கு ஏழு, ஒரு விதிக்கு ஆறு, இன்னொன்றுக்கு நான்கு.

இதற்கும் மேலே ஒரு சிக்கல் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவேட்டில், இருக்கிறது. நிர்ணயித்த கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலி, போடும் வழக்கத்தைத் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. அன்று மலைக்குப் போனவர் ஏழு பேர், ஆனால் செக்ரோலில் விழுந்த பேர் ஆறரை. இந்த இரண்டில் எதை எண்ணச் சொல்லுகிறோம் என்று கேட்காமல் மூலகங்களை எண்ணத் தொடங்கிவிட்டவர் எதைத்தான் எண்ணி முடிப்பார்?

ஆகவே அளவு கேட்கும் அந்த ஒற்றை வரி எதையும் எண்ணுவதில்லை, வேறெங்கோ எண்ணி முடித்ததை ஒப்புவிக்கிறது. எண்ணும் வேலையைச் செய்தது ஒப்பீட்டு விதி. எது எதற்குச் சமன் என்று தீர்மானித்தவரே எத்தனை என்பதையும் தீர்மானித்துவிட்டார். இந்த இடத்தைப் பாடத்தில் அரைப் பக்கத்தில் கடந்துபோகிறோம், பிறகு வரிசைப்படுத்தலுக்குப் பதினைந்து பக்கம் கொடுக்கிறோம்.

இதற்கு வழக்கமாக வரும் பதில், அது கற்றுக்குட்டிகள் விடும் பிழை, கைதேர்ந்தவர்கள் விடமாட்டார்கள் என்பது. கைதேர்ந்தவர்களின் கதையைப் பார்ப்போம். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு வீச்சுக்குள் எத்தனை மூலகம் இருக்கிறது என்று எண்ண, பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் இருபாதித் தேடலை இரண்டு முறை செய்து கழிக்க வேண்டும். அந்தத் தேடலை ஜோன் மோக்லி 1946இல் விரிவுரையொன்றில் எடுத்துச் சொன்னார். அதன்பின் வெளியானவை மூலகங்களின் எண்ணிக்கை 7, 15, 31 என்று இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவாக இருந்தால் மட்டுமே வேலை செய்தன. எந்த நீளத்துக்கும் பொருந்தும் வடிவத்தை டெரிக் லெமர் 1960இல்தான் வெளியிட்டார். அதோடு முடிந்ததா? 2006இல் ஜோஷுவா புளொக், ஜாவாவின் சொந்த நூலகத்திலிருந்த இருபாதித் தேடலில் ஒரு பிழை பல ஆண்டுகளாகக் கிடந்ததை வெளியே எடுத்துப் போட்டார். நடுவைக் காண இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, பட்டியல் மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை எண்ணின் கொள்ளளவைத் தாண்டி எதிர்மறையாகிவிடும். எழுதியவர் வேறு யாருமில்லை, புளொக் தாமே. இவர்களைவிடக் கைதேர்ந்தவர்கள் நம்மூரில் சம்பள மென்பொருள் எழுதுகிறார்கள் என்றால் மகிழ்ச்சிதான்.

அடுத்த பதில் இன்னும் நியாயமாகத் தோன்றும். கிலோவை வைத்து ஆளை அடையாளம் காண்பது மடத்தனம், பெயரை வைத்துச் செய்யுங்கள் என்பார்கள். சரி, பெயருக்குப் போவோம். பொன்னம்மா. இந்தப் பெயரின் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடலாம். அல்லது கொம்பைத் தனியாக, காலைத் தனியாக இடலாம். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியாது. தொடைக்குள் போட்டால் இரண்டு பொன்னம்மா. இங்கே மூன்று பேர் கரையவில்லை, இல்லாத ஒருத்தி பிறந்துவிட்டாள். இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் இயல்பாக்கம் என்று ஒரு படியைச் சேர்த்தால் இது சரியாகும் என்பது உண்மை. கௌரியை என்ன செய்வீர்கள்? ஔகாரக் குறியின் வலப்பக்கம் பார்வைக்கு ள மாதிரியே இருப்பதால், கொம்பு போட்டு ககரமும் ளகரமும் தட்டிக் கெளரி என்று எழுதிவிடுபவர்கள் ஏராளம். ளகரம் அங்கே நிஜமான ஓர் உயிர்மெய்யெழுத்து. எந்த இயல்பாக்கமும் இந்த இரண்டு கௌரிகளையும் ஒன்றாக்காது. தமிழ்ப் பெயர்களின் பழக்கம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து விதி எழுதினால்தான் உண்டு.

இது ஒரே மொழிக்குள் நடப்பது. தோட்டத்தில் ஒரு பெயர் மூன்று மொழிகளில் வாழ்கிறது. செக்ரோலில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. முப்பது வருடம் மலையில் நின்றவர் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போது ஓரெழுத்து வித்தியாசத்துக்காகச் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலைவதைப் பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கம் எந்த லயத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அலைச்சல் வெறும் எழுதுவினைஞரின் கவனக்குறைவு என்று நினைக்கிறோம். இரண்டு பட்டியல்களில் உள்ள இரண்டு பெயர்கள் ஒரே மூலகமா என்ற கேள்விக்கு ஒரு விதி எழுதப்படாமல் விடப்பட்டதன் விளைவு அது.

பெயர் வேண்டாம், அடையாள அட்டை எண் போதும் என்று கடைசியாக ஓரிடத்தில் போய் நிற்பார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஈற்றில் ஓர் எழுத்தும். 2016இலிருந்து வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கம். பழையதிலிருந்து புதியதைப் பெற வழி இருக்கிறது: முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, ஈற்றெழுத்தை விட்டுவிட வேண்டும். இதை யாராவது நிரலில் எழுதினால் ஒருவர் ஒருவராகவே இருப்பார். எழுதாவிட்டால் அட்டை புதுப்பித்த ஒவ்வொருவரும் இரண்டு பேர். அட்டையே எடுக்காத கிழவியோ கணக்கில் இல்லை. எண்ணைப் பிடித்தாலும் கடைசியில் விதிக்குத்தான் திரும்பி வருகிறோம்.

வரிசைக்கு வருவோம். தொடை வரிசைப்பட்டிருப்பதன் பயனே வீச்சை எண்ணுவதில்தான் இருக்கிறது. கமலாவுக்கு முன்னால் பட்டியலில் எத்தனை பேர்? கமலா, கறுப்பாயி, கனகம்மா என்பது தமிழ் அகராதி ஒழுங்கு. னகரம் கடைசி மெய். யூனிகோட் குறியெண்ணில் னகரம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னால் இருக்கிறது. குறியெண்ணை மட்டும் பார்க்கிற நிரல் கனகம்மா, கமலா, கறுப்பாயி என்று அடுக்கும். கமலாவுக்கு முன்னால் யாருமில்லை என்பது நம் விடை, ஒருவர் என்பது அதன் விடை. இலங்கையில் பல காலம் ஆட்சி செய்த பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் இன்னும் மோசம். அங்கே ககரம் எஃப் விசையில், மகரம் கே விசையில், அகரம் எம் விசையில். கணினி ஆங்கில விசைகளைத்தான் அடுக்கும். ஆகவே ககரம் முதலில், மகரம் அடுத்து, அதற்கும் பின்னால் அகரம். நம் நெடுங்கணக்கில் அகரத்துக்கு முந்திய எழுத்து ஒன்றும் கிடையாது. பாமினிப் பட்டியலில் அம்மாசிக்கு முன்னால் அரைவாசித் தோட்டம் நிற்கும்.

கணினி வேகமானது, இதையெல்லாம் யோசிக்காமல் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு முறை என்றால் எண்ணுங்கள், நான் தடுக்கவில்லை. ஒரு இலட்சம் பதிவுள்ள பட்டியலில் ஒவ்வொருவருக்கும் முன்னால் எத்தனை பேர் என்று கேட்டால் இலட்சத்தை இலட்சத்தால் பெருக்க வேண்டும், 1000 கோடி அடி. இருபாதித் தேடலில் ஒருவருக்கு 17 ஒப்பீடு போதும். ஒற்றை வரி நம்பிக்கையின் ஆபத்தான இடமும் இதுவே. ஜாவாவின் ட்ரீசெட்டில் முழு அளவு உடனே வரும். அதிலிருந்து ஒரு வீச்சை வெட்டி அதன் அளவைக் கேட்டாலோ, பார்வைக்கு அதே ஒற்றை வரிதான், உள்ளே ஒவ்வொரு மூலகமாக நடக்கும். சீ பிளஸ் பிளஸ்சின் செட்டில் இரண்டு இடங்களுக்கிடையே உள்ள தூரத்தைக் கேட்டாலும் நடைதான். ரெடிஸ் இதைத் தவிர்க்கிறது. வில்லியம் பியூ 1990இல் வெளியிட்ட தாவு பட்டியலை அது பயன்படுத்துகிறது; ஒவ்வொரு தாவலும் எத்தனை மூலகங்களைத் தாண்டுகிறது என்ற எண்ணையும் கூடவே எழுதி வைத்திருக்கிறது. தாண்டியவற்றைக் கூட்டினால் இடம் தெரிந்துவிடும். பைத்தனில் பட்டியலை வரிசைப்படுத்தி பைசெக்ட்டைக் கூப்பிட்டால் 18 கிலோவின் இடது எல்லை 1, வலது எல்லை 4, வித்தியாசம் 3. கவனியுங்கள், 18 கிலோவில் ட்ரீசெட் விழுங்கிய இரண்டு பெண்களும் இங்கே பத்திரமாக இருக்கிறார்கள். எதில் போடுகிறோம் என்பதைத் தெரியாமல் எத்தனை என்று கேட்பதில் பொருளில்லை.

இதையெல்லாம் சொன்னால் நிரலாக்கத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள் என்று ஒரு முகச்சுளிப்பு வரும். நான் கொண்டுவரத் தேவையில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எல்லா எண்ணும் இருபத்தையாயிரத்தின் மடங்கு என்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்? மூலகம் ஒன்றின் பெயரும் இல்லாமல் அளவு முதலில் தீர்மானிக்கப்பட்டது. எந்தக் குடும்பம் எந்தத் தொடைக்குள் போகும் என்பது பின்னால் நிரப்பப்பட்டது. ஊவாத் தோட்டங்களிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னார்த் துறைக்குப் போனவர்கள் அந்த நிரப்புதலின் மூலகங்கள்.

இன்னும் அண்மையில், 2014 ஒக்டோபர் 29 காலை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. முதல் நாள் செய்திகளில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில். நாள்கள் கழிய அந்த எண் நாற்பதுக்கும் கீழே இறங்கியது. வேலைக்கும் பாடசாலைக்கும் போயிருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்பது ஒரு காரணம். அந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் ஒரு நிரல் விதியின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் காணாமற்போனோர் பட்டியல் என்பது கணக்கில் என்ன? குடியிருந்தோர் தொடையிலிருந்து கண்டெடுத்தோர் தொடையைக் கழித்தால் வருவது. குடியிருந்தோர் பட்டியலில் ஒரு விதமாகவும் தப்பியவர்கள் தங்கிய முகாமின் பட்டியலில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட ஒருவர், முகாமில் சோறு தின்றுகொண்டிருக்கும்போதே காணாமற்போனவர் ஆவார். இரண்டு கறுப்பாயிகளில் ஒருத்தி மண்ணுக்குள்ளும் ஒருத்தி முகாமிலும் இருந்தால், உள்ளே இருப்பவளைத் தேடும் பட்டியலிலிருந்தே பெயர் அழிந்துபோகும். மண்வெட்டியை எப்போது நிறுத்துவது என்பதை அந்த எண்தான் சொல்லும். இதை ஒரு வரி வேலை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. எண்ணும் வரியைக் கரும்பலகையில் எழுதுமுன் அந்த ஏழு நிறைகளையும் பிள்ளைகளிடம் கொடுத்து, இரண்டு பேர் எப்போது ஒருவர் ஆகலாம் என்ற விதியைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். தோட்டத்துக்குச் சம்பள மென்பொருள் வரும்போது தொழிற்சங்கத் தலைவர்களும் அதே வாக்கியத்தைக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.